நெஞ்சுவலி நாடகம்

"எந்திரிடா! நடிச்சது போதும்!"

கதவை உதைக்காத குறையாகத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து நின்றான் தம்பி. மார்பு முழுக்க ஒயர்களோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்திருந்த டைலருக்கு அவனைப் பார்த்ததுமே பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை சண்டை வந்தபோதும் அண்ணனை அவன் 'டா' போட்டதில்லை. இன்றைக்கு அதுவும் ஆயிற்று!

இருவரும் முகம் பார்த்துப் பேசி வருஷக்கணக்காகிறது. அப்பா விட்டுப்போன தையல் கடையை நடுவில் பலகை அடித்து ஆளுக்குப் பாதியாக்கிக்கொண்டவர்கள். பலகைக்கு அந்தப் பக்கம் தம்பி இருமினால்கூட இந்தப் பக்கம் டைலருக்குக் கத்தரி கோணலாக ஓடும்.

டைலரின் பெரும்பாடு நெஞ்சுவலி. திடீர் திடீரென்று வந்து உயிரைப் பிழிந்துவிட்டுப் போகும். ஆனால் ஆஸ்பத்திரியில் ஓட்ட மெஷினில் ஏற்றி ஓடவிட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. "வாயுதான், போங்க" என்று அனுப்பிவிடுவார்கள். அவர் வேஷம் போடுவதாகத் தெருவே சிரித்தது.

கடைசியில்தான் இதய நோய் ஆராய்ச்சி செய்யும் இந்த டாக்டரம்மா கிடைத்தார். தூக்கம், சாப்பாடு, பீடி, யாரோடு ஆகும், யாரோடு ஆகாது என்று ஒன்று விடாமல் குடைந்தார். "என்ன சோதனை வேணாலும் பண்ணுங்கம்மா, என்கிட்ட முன்கூட்டிச் சொல்லக்கூட வேணாம். என் வலி நிஜம்னு காட்டினா போதும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருந்தார் டைலர்.

அதைக் காட்ட வேண்டிய நேரத்தில்தான் இந்தச் சனியன் வந்து நிற்கிறது.

"இவனை வெளியே அனுப்புங்கம்மா!"

டாக்டரம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அசையாம படுங்க" என்றதோடு சரி.

"ஏன், உண்மையைச் சொன்னா சுடுதா?" தம்பி கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான். "உடம்பு வணங்கி உழைக்கத் துப்பில்ல, நெஞ்சுவலியாம் நெஞ்சுவலி!"

"வாயை மூடுடா!"

"அம்மா சாகக் கிடந்தப்ப எங்கடா போனே? கடைசி வரைக்கும் உன் பேரையே சொல்லிச்சு. நீ நெஞ்சு வலிக்குதுன்னு வீட்டுல இழுத்துப் போர்த்திக்கிட்டுப் படுத்திருந்தே. பெத்தவகிட்டயே நாடகம் போட்டவன்தானே நீ?"

டைலருக்குக் கண் இருட்டியது. அன்றைக்குக் கிளம்பி வாசற்படி வரை வந்து, வலி தாளாமல் சுருண்டு விழுந்தது அவருக்கும் அவர் பெண்டாட்டிக்கும்தான் தெரியும். யாரிடம் சொல்லி யார் நம்பினார்கள்?

"அடப்பாவி..." என்று எழப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே தலையணையில் சாய்ந்தார். அதே வலி, இடது கை வரைக்கும் இழுத்தது. மெஷின் கீச்சுகீச்சென்று கத்தியது.

டாக்டரம்மா பாய்ந்து வந்து அவர் நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்தார். "கிடைச்சிடுச்சு! இதயத்துக்கு ரத்தம் போறது குறையுது, கோடு நல்லாவே இறங்குது. ஐயா, உங்க வலி நூத்துக்கு நூறு நிஜம். இதுக்கு வைத்தியம் இருக்கு."

டைலர் தம்பியைத்தான் பார்த்தார். 'கேட்டியாடா?' என்று கேட்க வாயெடுத்தார்.

தம்பி இன்னும் கட்டில் கம்பியை விடவில்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"போதுமா டாக்டர்? இதுக்கு மேல எங்கண்ணனைத் திட்ட என்னால முடியாது."