காசு வேண்டாத கடைக்காரர்

"அமிர்தநாதர் நிக்கிறாரோ?"

"இல்லை."

"எப்ப வருவார்?"

"அவர் மொன்றியலுக்குப் போயிட்டார்."

"நீங்கள் ஆர் கதைக்கிறியள்?"

கொஞ்சம் யோசித்துவிட்டுப் பதில் வந்தது. "நான் அவரின்ரை தம்பி."

போன கிழமை இதே குரல் தன்னை அவரின் மச்சான் என்றது. அதற்கு முந்தின கிழமை, கடையை வாங்கப்போகிற ஆள் என்றது. யோகராணி ரிசீவரை வைத்த வைப்பில் மேசையில் கிடந்த பேனை உருண்டு விழுந்தது.

கடன் கேட்டால் மனுசர் ஒளிப்பார்கள், அது நியாயம். காசைத் திருப்பித் தருகிறோம் என்று கெஞ்சுகிறவளுக்கு ஒளிக்கிற ஒருவரை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

அவள் வேலை பார்ப்பது கனடாவின் மார்க்கம் நகரில், இராஜரட்ணத்தின் மொத்தக் கடையில். ரொறன்ரோவில் உள்ள தமிழ்க் கடைகளுக்கு அங்கிருந்துதான் சாமான் போகும். சில கடைக்காரர் பில்லுக்கு மேலே கூடக் கட்டிவிட்டு மறந்துபோவார்கள். சிலர் திருப்பி அனுப்பிய சாமானின் காசைக் கேட்கவே மாட்டார்கள். அந்தக் காசெல்லாம் வருடக்கணக்காகப் புத்தகத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது. தொண்ணூற்றாறில் புதிதாகக் கணக்குப் பார்க்க வந்த ஓடிட்டர் அதைக் கண்டுபிடித்து, இது உங்கள் லாபம் இல்லை, ஆளைத் தேடிக் கொடுங்கள், வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று எழுதி வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார்.

இராஜரட்ணம் லிஸ்டைக் கொண்டுவந்து யோகராணியின் மேசையில் போட்டார்.

"மாசக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள்ளை ஒரு பேரும் மிஞ்சக்கூடாது. மிஞ்சினால் உமக்குப் பதிலா வேறை ஆளைத்தான் நான் பார்க்கவேணும்."

அவர் பகிடிக்குச் சொல்கிற மனுசன் இல்லை.

நாற்பத்தொரு பேருக்குக் கடிதம் போனது. நாற்பது பேர் விழுந்தடித்துக்கொண்டு வந்தார்கள். ஒஷாவாவிலிருந்து ஒருவர் மூன்று டொலர் பதினைந்து சதத்துக்காக அவ்வளவு தூரம் கார் ஓடி வந்து, காசை எண்ணி வாங்கி, ஒரு தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போனார். மிஞ்சியது மோர்னிங்சைட் வீதிக் கடைக்காரர் அமிர்தநாதர் மட்டும். அவருக்குச் சேரவேண்டியது நானூற்று முப்பத்திரண்டு டொலர்.

கெடுவுக்கு முதல்நாள், வியாழக்கிழமை மத்தியானம், யோகராணி கோட்டை மாட்டிக்கொண்டு நேரே அவர் கடைக்கே போய்விட்டாள்.

கவுண்டரில் நரைத்த மீசையோடு ஒருவர் நின்றார்.

"அமிர்தநாதர்..."

"அவர் மொன்றியலுக்கு..."

பின்சுவரில் கடைத்திறப்புப் படம் தொங்கியது. அதில் அதே மீசை ரிபன் வெட்டிக்கொண்டிருந்தது.

"அங்கிள், உந்தப் படத்திலை ரிபன் வெட்டுறது தம்பியோ, மச்சானோ?"

மனுசன் மீசையைக் கையால் மறைத்தார். யோகராணி செக்கையும் ஓடிட்டர் கேட்ட பேப்பரையும் நீட்டினாள்.

"கையெழுத்து வையுங்கோ."

"அது என்ரை காசில்லைப் பிள்ளை."

"உங்கடைதான். மூண்டு வருசமா மாசம் பன்னிரண்டு டொலர் கூட எழுதியிருக்கிறியள். முப்பத்தாறு செக்! ஒரு பிழையை ஒருக்கா விடலாம், முப்பத்தாறு தரமோ? இதாலை என்ரை வேலையெல்லோ போகப்போகுது!"

"வேலை போகுமோ?" அவர் முகம் மாறியது. "அப்ப வேண்டாம் எண்டு எழுதித் தாறன்."

"ஏன் வேண்டாம் எண்டும் எழுதவேணும்."

"அதை எழுதேலாது."

"சரி, முதலாளியிட்டையே குடுக்கிறன். அவர் உங்கடை பழைய பில் எல்லாத்தையும் கிண்டிப் பார்க்கட்டும்."

"ஐயோ, வேண்டாம்!"

கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அமிர்தநாதர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"உங்களுக்கு மட்டும் சொல்லுறன் பிள்ளை. தொண்ணூற்றிரண்டிலை எனக்குத் தேங்காய்ப்பால் ரின் இருபது பெட்டி வந்தது. பில்லிலை ரெண்டு பெட்டிதான் போட்டுக்கிடந்தது. பெட்டி இருபத்துநாலு டொலர். போன் எடுத்துச் சொல்லத்தான் வெளிக்கிட்டன். சாமான் கொண்டுவந்த ட்ரைவர் மறிச்சுப்போட்டார். அதுக்கு முந்தின கிழமைதான் பில்லைப் பிழையா எழுதின ஒருத்தியை உங்கடை முதலாளி வேலையாலை நிப்பாட்டினவராம். இது அவளுக்குப் பதிலா வந்த பிள்ளையாம். கனடாவுக்கு வந்தே ரெண்டு மாசமாம்."

"அதுக்கு?"

"சொன்னால் அதின்ரை வேலை போகும். சொல்லாட்டில் உங்கடை முதலாளியின்ரை காசு என்னட்டைக் கிடக்கும், அது எனக்குச் செமிக்காது. அதாலை மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமாக் கட்டி முடிச்சன். இப்ப கடிதத்துக்கு மேலை கடிதம் வர, அந்தப் பிள்ளையைத்தான் தேடிப்பிடிக்கப் பார்க்கினமாக்கும் எண்டு பயந்து ஒளிச்சன்."

கவுண்டர் மேசை லாச்சியைத் திறந்து, பழுப்பேறிய பில் ஒன்றை எடுத்துக் காட்டினார். ஓம், இரண்டுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய பூச்சியத்தைக் காணவில்லை.

யோகராணி அந்தப் பில்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு நேரமும் பேசிய பேச்சை நினைக்க, பக்கத்தில் இருந்த அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. அவ்வளவு வெட்கம்.

"நீங்கள் வேண்டாம் எண்டு கையெழுத்தை மட்டும் வையுங்கோ அங்கிள். காரணத்தை நான் எழுதுறன்."

அமிர்தநாதர் பயந்து பயந்து கையெழுத்து வைத்தார். "அந்தப் பிள்ளை இப்பவும் அங்கை வேலை செய்யுதோ? அதின்ரை பேரை மட்டும் போட்டிடாதேங்கோ."

"அவ கோவிக்கமாட்டா அங்கிள்," என்று சொல்லிவிட்டு யோகராணி பேப்பரைத் தன் பக்கம் திருப்பி எழுதினாள்:

'இருபது பெட்டியை இரண்டு என்று பிழையாக எழுதியது நான். இப்படிக்கு, யோகராணி.'