மூன்று மணி மோகினி

“‘எங்கிட்ட இருக்கறது ஒரே ஒரு உயிரு. அதயும் உனக்குத்தான் வச்சிருக்கேன்.’ இப்படித்தான் சார் அவ எழுதியிருக்கா.”

மனப்பாடமாக ஒப்பித்துவிட்டுத் திலகவதி துப்பட்டாவால் கண்களைத் துடைத்துக்கொண்டாள். எதிரே உட்கார்ந்திருந்த வழக்கறிஞர் பரமேஸ்வரனின் பேனா பாதி வரியில் நின்றது.

அலோர்காஜாவில் ஒரு மளிகைக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவருடைய அலுவலகம். மத்தியானத்துக்கு மேல் சார் கதவைச் சாத்திக்கொண்டு கேஸ் கட்டு படிப்பார், யாரையும் பார்க்கமாட்டார் என்று கிளார்க் ரெனீ முதலில் மறுத்துவிட்டாள். திலகவதி படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்த பிறகுதான் உள்ளே விட்டாள்.

“யாரும்மா எழுதினது?”

“மோகினியாம். பேரப் பாருங்க சார்! எங்க வீட்டுக்காரரு புவனேந்திரனுக்கு பேக்டரில நைட் ஷிப்ட்டு. பகல்ல வீட்லதான். மூனு மணி ஆனா போதும், லேப்டாப்ப தூக்கிகிட்டு ரூமுக்குள்ள போயிடுவாரு. உள்ளேருந்து ஒரே சிரிப்பு. எங்கிட்ட அப்படிச் சிரிச்சு எத்தன வருஷமாச்சு தெரியுமா?”

“நீங்க எப்ப பாத்தீங்க?”

“போன வாரம் மெஷின மூடாம தூங்கிட்டாரு. நாம எல்லாரும் வச்சிருக்கற பிரௌசர் இல்ல சார், பேரே கேள்விப்படாத ஒன்னு. மூடுனா பாத்ததெல்லாம் தானா அழிஞ்சி போயிடுமாம். மடியில கனமில்லாதவருக்கு எதுக்கு அது?”

“அவர்கிட்ட கேட்டீங்களா?”

“கேக்காம இருப்பனா? ‘வெறும் கேம்தான்லா’ங்கறாரு. முன்ன மலாக்கா டவுன்ல காசு போட்டு ராக்கெட்டு சுடுவாங்களே, அந்த ஆர்கேட் கேமு. இப்ப ஆன்லைன்ல வருதாம். வழக்கமான பிரௌசர்ல சரியா ஓடமாட்டேங்குதாம், அதுக்காக இதாம். கூட ஆடறவங்களுக்கு உயிரு தீந்துட்டா நம்ம உயிர எடுத்துக் குடுக்கலாமாம். நாப்பத்தஞ்சு வயசு ஆம்பள, யாரு காதுல பூ சுத்தறாரு?”

பரமேஸ்வரன் மேசை மேலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தார்.

“உண்மையாகூட இருக்கலாம்மா. அந்த மாதிரி கேமெல்லாம் இருக்கு.”

“ஆம்பளைக்கு ஆம்பள விட்டுக்குடுக்க மாட்டீங்களே!”

“அதில்லம்மா. அந்த மோகினிய அவரு நேர்ல பாத்திருக்காரா?”

“மொகமே தெரியாதாம். யாரு, எந்த ஊரு, ஒன்னும் தெரியாதாம். மொகம் தெரியாதவளுக்கு உயிரக் குடுக்கறாரு சார். எனக்கு ஒரு கடுதாசிப் பூ வாங்கிக் குடுத்ததில்ல!”

அன்று காலையிலேயே மகளைக் கூட்டிக்கொண்டு, ரெம்பியாவில் இருந்த தன் வீட்டைவிட்டுக் கிளேபாங்கில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள் திலகவதி. ஆனால் கிளம்புவதற்கு முன் பழக்கதோஷத்தில் கணவனுக்கு நெத்திலி சம்பல் கிண்டி மூடி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அதை நினைக்க நினைக்க அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

“அவசரப்படாதீங்கம்மா. ஒரு தடவ ரெண்டு பேரும் உக்காந்து பேசுங்க. பிள்ள இருக்குல்ல? நானே அவர்கிட்ட சொல்லி, அந்த கேம விடச் சொல்றேன்.”

“பேச்செல்லாம் முடிஞ்சது சார். நீங்க டிவோர்ஸ் கேஸ் போடுங்க. அவளக் கண்டுபிடிச்சி கோர்ட்ல நிறுத்துங்க. குடும்பத்தக் கெடுக்கற மொகம் எப்படி இருக்குன்னு ஊரே பாக்கட்டும்.”

வக்கீலின் முகத்தில் ரத்தமே இல்லை. எழுந்து போய் ரெனீயின் காதுக்கு எட்டாதபடி கதவை அழுத்திச் சாத்திவிட்டு வந்தார். உட்கார்ந்தவர் சிறிது நேரம் சுவரில் மாட்டியிருந்த சட்டப் பட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தன் கேஸைக் கேட்டு இவ்வளவு கலங்கும் வக்கீலைப் பார்த்ததும் திலகவதிக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று தோன்றியது.

“பொண்டாட்டி பிள்ள வீட்ட விட்டுப் போனதுகூடத் தெரியாம, இந்நேரம் அந்தாளு ரூம்ல உக்காந்திருப்பாரு சார். அவ வருவா, வருவான்னு.”

“அவ இன்னைக்கு வரமாட்டாம்மா.”

“அது எப்படி உங்களுக்குத் தெரியும்?”

பரமேஸ்வரன் கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டு, மேசை மேல் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

“அந்த மோகினி நான்தாம்மா.”