இன்னும் கொஞ்சம் துரு

"இன்னும் முடியலையா? போன மாசமும் இதையேதான்யா சொன்னே!"

இங்கிலாந்தின் டட்லியில் இருக்கும் மெக்கானிக் கார்லின் பட்டறை அதிரும்படி நெவில் கத்தினார். அவர் கையிலிருந்த செல்போனில், வீட்டில் படுக்கையிலிருந்த மனைவி பெரில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தரைத் தகட்டை மாத்திட்டேன் சார். இப்ப பார்த்தா கதவுக்குக் கீழே இருக்கற சட்டமும் துரு. தொட்டா பிஸ்கட் மாதிரி உதிருது," என்றான் கார்ல்.

"அவனைத் திட்டாதீங்க," என்றார் பெரில். "நம்ம பழைய மினி காருல பார்மவுத் கடலைப் பார்த்துட்டுத்தான் நான் போவேன். அதுவரைக்கும் காத்திருக்கேன்."

நெவில் போனை அணைத்துவிட்டுக் கார்லின் தோளைத் தொட்டார்.

"நல்லா சொன்னேப்பா. டாக்டர் குறிச்ச நாள் தாண்டியும் இந்தக் காருக்காகத்தான் உசிரைப் பிடிச்சு வெச்சிருக்கா. அடுத்த வாரமும் துருன்னே சொல்லு."

வேலையெல்லாம் முடிந்த மினி அவருக்குப் பின்னால் பளபளத்தது.

அவர் போனதும் பட்டறை போன் அடித்தது. பெரில்தான்.

"கார் முடிஞ்சிருச்சு, இல்ல? அவருக்கு நிஜமாவே கோபம் வந்தா பேச்சே வராது கண்ணு. நடிக்கறப்பதான் இப்படிக் கத்துவார்."

கார்ல் மினியைத் திரும்பிப் பார்த்தான்.

"அவருக்காக இத்தனை நாள் தாங்கிட்டேன். இனிமே வலி தாங்கலப்பா. நாளைக்குக் காரைக் கொண்டுவந்து வாசல்ல நிறுத்திடு."