அக்காவின் இன்பாக்ஸ்

விழுந்து விழுந்து சிரிக்கப் போகிறீர்கள். ஆனால் உடனே இல்லை. கொஞ்சம் பொறுங்கள், முதலில் அப்பாவைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா பேசுவதே மொத்தம் மூன்று வாக்கியம். "கதவைச் சாத்து. ஃபேனை நிறுத்து. சாப்பிட்டியா?" அதே குரலில் நான் சொன்னால் எங்கள் வகுப்பே பெஞ்சைத் தட்டும்.

வீட்டில் அவரும் நானும்தான். அம்மாவுக்கு வெளியூர் வேலை, மாதக் கடைசியில்தான் வருவாள். அக்கா எட்டு மாதத்துக்கு முன்னால், தூரத்தில் கிடைத்த வேலைக்குப் போயே தீருவேன் என்று சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியவள். அதற்கப்புறம் அப்பாவோடு பேச்சே இல்லை.

"நீங்களே ஒரு போன் பண்ணுங்களேன்பா," என்றேன் ஒருநாள்.

"அவ பேச்சு இந்த வீட்டுல வேண்டாம். கதவைச் சாத்து."

கல்நெஞ்சு! இவரை ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அப்பாவுக்கு மெயில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வீட்டு மூலையிலும் சின்னதாக ஒன்றை ஓடவிட்டு, எங்கள் நாலு பேருக்கும் அதில் ஆளுக்கொரு முகவரி போட்டுக் கொடுத்திருந்தார். அக்காவின் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். அவள் பெயரில் அப்பாவுக்கு ஒரு மெயில் போடுவதுதான் என் திட்டம்: 'நாளைக்கு வர்றேன்பா. மீசையை எடுத்துட்டு ஸ்டேஷனுக்கு வாங்க.'

மீசையில்லாத அப்பா! நினைக்கும்போதே வயிறு வலித்தது. இருங்கள், அவசரப்படாதீர்கள்.

அக்கா மாதிரியே எழுத வேண்டுமே. எனக்கு ஹெட்மாஸ்டர் குரல் வரும், லிஃப்டுக்குள் பேசுகிற பொம்பளை குரல் வரும். அக்கா குரல் மட்டும் எப்படி இருக்கும் என்று மறந்துகொண்டே வந்தது. அவளுடைய பழைய மெயில்களைப் படித்துப் பழகலாம் என்று, எல்லாவற்றையும் மொத்தமாக எடுக்க வழி கேட்டு வகுப்புத் தோழி சோடாபுட்டியைப் பிடித்தேன்.

"அதுக்குன்னே ஒரு லைப்ரரி இருக்குடி."

"அங்க போய் யாருகிட்ட கேக்கணும்?"

"லூசு! யாரோ ஏற்கெனவே எழுதி வச்ச புரோகிராம்டி அது. நீ பத்து வரி சேர்த்தா போதும், சர்வருக்குள்ள போய் அத்தனை மெயிலையும் அள்ளிட்டு வந்துடும்."

அள்ளிக்கொண்டு வந்தது. அக்கா எழுதினது ஒன்றுமில்லை, அவளுக்கு வந்த இருநூற்று முப்பத்தொரு மெயில். அக்கா ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. எல்லாம் ஒரே ஆளிடமிருந்து.

அப்பா.

'மழை வருது. உன் குடை இங்கேயே இருக்கு.'

'உன் ஜன்னல்ல புறா முட்டை வச்சிருக்கு. அதனால சாத்தலை.'

'இன்னிக்கு வாலு என் குரல்ல பேசிப் பக்கத்து வீட்டு ஆன்ட்டியை ஏமாத்திட்டா. பாத்ரூமுக்குள்ள போய்ச் சிரிச்சேன். சொல்ல ஆள் இல்லை, அதான் உனக்கு எழுதறேன்.'

வாலு என்பது நான்.

சோடாபுட்டிக்கு மறுபடி போன் போட்டேன்.

"ஏய், திறக்காத மெயில் எல்லாம் தடி எழுத்துல இருந்துச்சுடி. இப்ப ஒண்ணுகூட அப்படி இல்ல!"

"எட்டி மட்டும் பாருன்னு தனியாச் சொல்லணும்டி. சும்மா எடுன்னு சொன்னா, எடுத்துட்டுப் 'படிச்சாச்சு'ன்னு குறி போட்டுடும்."

"இருநூத்தி முப்பத்தொண்ணுலயுமா? சர்வரே அவரோடதுதானே, அப்பா ஸ்கிரீன்ல தெரிஞ்சுடுமே!"

"அழாதே. ஒரே ஒரு வரி, மறுபடி 'படிக்கலை'ன்னு மாத்திடலாம்."

நான் மாற்றுவதற்குள் விடிந்துவிட்டது. அப்பா விசிலடித்தார். எட்டு மாதத்தில் முதல் தடவை. அக்காவின் அறையைப் பெருக்கி, தலையணை உறையை மாற்றினார்.

"என்னப்பா விசேஷம்?"

"ஒண்ணுமில்ல. சாப்பிட்டியா?"

அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியவில்லை. மீசை மெயிலையும் அனுப்ப முடியவில்லை. அக்காவின் முகவரியிலிருந்து, 'படிச்சேன்பா' என்று மட்டும் அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. 'படிச்சதே போதும்மா.'

அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன். தினமும் அவர் எழுத, தினமும் நான் அக்காவாகிப் பதில் போட, இப்படியே மூன்று வாரம். அவர் ஹாலில், நான் உள்ளறையில், நடுவில் ஒரு சுவர். நேரில் பார்த்தால், "ஃபேனை நிறுத்து." மெயிலில் வேறு மனுஷன்.

'சின்ன வயசுல எனக்கும் மிமிக்ரி வரும். வீட்டுல அடிச்சு நிறுத்திட்டாங்க.'

'அப்படியா! யார் குரல்ல பேசுவீங்க?'

'எங்கப்பா குரல்லதான்.'

அதைப் படித்துவிட்டு நானும் பாத்ரூமுக்குள் போய்த்தான் சிரித்தேன்.

"மனுஷன் நல்லா ஏமாறுறாருடி," என்றேன் சோடாபுட்டியிடம்.

"உண்மை தெரிஞ்சா என்ன ஆகும்?"

"உடைஞ்சு போயிடுவார்."

"அப்ப எத்தனை நாளைக்கு இப்படி?"

அக்கா உண்மையிலேயே ஒருநாள் எழுதினால் நிறுத்திவிடலாம். அவள் எழுதவில்லை.

நேற்று சாயங்காலம் அக்காவின் இன்பாக்ஸுக்குப் புதிதாக ஒன்று வந்தது.

'நாளைக்குக் கெமிஸ்ட்ரி பரீட்சை இருக்கே, பேனா ரெண்டா எடுத்துக்கோ. பயப்படாதே. நல்லா எழுதுவே.'

வழக்கம்போல 'சரிப்பா' என்று தட்டி அனுப்பிவிட்டேன்.

அனுப்பின பிறகுதான் உறைத்தது. அக்கா படிப்பை முடித்து நாலு வருஷம் ஆகிறது. பரீட்சை எனக்கு.