அந்த வீட்டுப் பிள்ளை

மாமனார் வீட்டிலிருந்த பழைய, மலிவு விலைக் கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார் மாப்பிள்ளை. டார்ச்சும் கையுமாகப் பக்கத்திலேயே காவல் நின்றார் மாமனார்.

“ரேம் கூட்டியாச்சு, கிராபிக்ஸ் கார்டும் மாத்தியாச்சு மாமா. இனி ஓவர்கிளாக் பண்ணணும்.”

“அப்படின்னா?”

“கம்பெனி வெச்ச வேகத்தைவிடக் கொஞ்சம் ஏத்தி ஓட்டறது.”

“ஏத்தற சாக்குல இறக்கி வெச்சுட மாட்டீங்களே?”

சமையலறையிலிருந்து மகள் சிரித்தாள். “அப்பா, கட்டிக்கிட்ட நானே அவரை நம்பறேன். உங்களுக்கென்ன?”

“உனக்கென்னம்மா! அவர் அந்த வீட்டுப் பிள்ளை. ரத்தம் பேசும்.”

கம்ப்யூட்டர் ஒருமுறை அப்படியே நின்றுபோனது.

“பாத்தியாம்மா! வேலையைக் காட்டிட்டார்!”

மாப்பிள்ளை வேகத்தை ஒரு படி குறைத்தார். அப்புறம் அது நிற்கவே இல்லை.

சாயங்காலம் மாமனார் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரை முன்னால் உட்கார்ந்தார். ஆன்லைன் கார் பந்தயம் தொடங்கியது. தினமும் திக்கித் திக்கி நிற்கும் கடைசி வளைவில் அவருடைய கார் இன்று வழுக்கிக்கொண்டு போய், சிவப்புக் காரை முந்திக் கோட்டைத் தாண்டியது.

“மாப்ளே!” என்று துள்ளி எழுந்து கட்டிக்கொண்டார்.

உடனே மாப்பிள்ளையின் போன் அடித்தது. சிவப்புக் காரை ஓட்டித் தோற்ற அவருடைய அப்பா அலறினார்:

“டேய் துரோகி! நாளைக்கே வந்து என் கம்ப்யூட்டரையும் பிரிக்கிற!”