விதிமீறல் இல்லை

அந்தச் சொல்லை அவள் ஒரு முறைதான் படித்தாள்.

மீதி நாற்பது முறையும் அதைத் தாண்டித் தாண்டிப் போனாள்.

அவர்கள் நிறுவனத்தின் ஆன்லைன் விளையாட்டு வெளியாகி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் நாலாயிரம் புகார்கள். சர்வர் பாதியில் நின்றுபோகிறது. ஜெயித்த வாளைக் காணோம். எதிரணியில் எவனோ ஏமாற்றுகிறான். தமிழில் வருபவை எல்லாம் அவள் பொறுப்பு. ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்று கணக்கு.

இந்த ஒரு புகாரில் இருபது நிமிடமாக உட்கார்ந்திருந்தாள்.

எழுதியவன் ‘ஓடைமீன்’ என்ற பெயரில் விளையாடுகிறவன். கூட ஆடிய நாலு பேர் ஊரைக் கேட்டிருக்கிறார்கள். சொல்லியிருக்கிறான். எந்தத் தெரு என்று கேட்டிருக்கிறார்கள். அதையும் சொல்லியிருக்கிறான்.

அதற்கப்புறம் அவனை ஓடைமீன் என்று யாரும் கூப்பிடவில்லை.

அரட்டை முழுவதையும் புகாரோடு அனுப்பியிருந்தான். ஒரே சொல். நாற்பத்தொரு முறை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் விழுந்து விழுந்து சிரிக்கும் மஞ்சள் முகம்.

இரண்டு தடவை புகார் செய்து, இரண்டு தடவையும் இயந்திரமே பதில் அனுப்பியிருந்தது. விதிமீறல் எதுவும் இல்லை. தடைசெய்த சொற்களின் பட்டியலில் அந்தச் சொல் கிடையாது. மூன்றாவது தடவை என்பதால்தான் மனிதர் கைக்கு வந்திருந்தது.

விதிமீறல் என்று குறித்தாள். அந்தச் சொல்லைப் பட்டியலில் சேர்க்கும்படி மேலே எழுதினாள்.

சற்று நேரத்தில் ரகுராம் அவள் இருக்கைக்கே வந்தார். அந்தப் பிரிவுக்கு அவர்தான் தலைவர்.

“இது சாதிப் பேருதானேம்மா. சர்டிஃபிகேட்லயே இருக்கு. இதைப் போய்த் திட்டுன்னு எப்படிச் சொல்ற?”

மடக்குவதற்காகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

அவளுக்குத் தெரியும்.

ஏழாம் வகுப்பு. வட்டாரக் கபடிப் போட்டி. அவள் பாடிக்கொண்டே எதிர்ப்பக்கம் போனாள். யாரும் அவளைப் பிடிக்க வரவில்லை. கோட்டுக்கு வெளியே நின்ற ஒரு பெண் அந்தச் சொல்லைச் சொன்னாள். ஏழு பேரும் பின்னால் நகர்ந்தார்கள். மூச்சு முடியும் முன்பே பாட்டை நிறுத்திவிட்டு, அவள் நடந்தே திரும்பி வந்தாள்.

அன்றைக்கு அவள் அணிதான் ஜெயித்தது.

இந்த அலுவலகத்துக்கு வந்து இரண்டு வருடம். ஊரைக் கேட்டால் மாவட்டத்தைச் சொல்வாள். அதற்கு மேலும் கேட்டால், அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை, ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்தோம் என்பாள்.

அப்பா ரயிலில் ஏறியதே நாலைந்து தடவைதான்.

“சும்மா... தோணுச்சு சார்.”

“தோணுச்சுன்னு எழுதி மேல அனுப்ப முடியாதும்மா.”

அவர் குனிந்து, அவளுடைய மவுஸிலேயே புகாரை மூடிவிட்டுப் போனார்.

பதினோரு மணிக்கு ஓடைமீனின் புகார் நாலாவது தடவையாக வந்தது. இந்த முறை அரட்டை இல்லை. ஒரே ஒரு வரி.

இதைப் படிச்சவங்களுக்குத் தமிழ் தெரியுமா?

அவள் எழுந்து போய் முகம் கழுவினாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். வேறு புகார்கள் சிலவற்றை முடித்தாள். சாப்பாட்டுக்கு எல்லோரும் கிளம்பினார்கள். அவள் போகவில்லை. கடைசி ஆளும் போன பிறகு ரகுராமின் அறைக் கதவைத் தட்டினாள்.

“என்னையும் அப்படிக் கூப்பிட்டிருக்காங்க சார். சின்ன வயசுல. அதனாலதான் தெரியும்.”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். அங்கே இருந்த பேனாவை எடுத்து வேறு இடத்தில் வைத்தார்.

“சாரிம்மா.”

கொஞ்சம் கழித்து, “சேத்துடலாம்,” என்றார்.

சொன்னபடியே செய்தார். சாயங்காலத்துக்குள் அந்தச் சொல் பட்டியலில் ஏறிவிட்டது. அந்த நாலு பேருக்கும் ஒரு நாள் தடை. நாலு பேரும் விளையாட்டின் தரவரிசையில் முதல் நூறு இடங்களுக்குள் இருப்பவர்கள். அதற்கு மேல் முடியாது என்று மேலிடம் சொல்லிவிட்டது.

ஓடைமீனுக்கு அவளே பதில் எழுதினாள். வழக்கமாக அனுப்பும் வாசகத்தை எடுக்கவில்லை. தெரியும், படித்தேன் என்று தொடங்கி, நாலு தடவை அடித்து நாலு தடவை அழித்து, கடைசியில் மூன்று வரியில் முடித்தாள்.

அனுப்பிய கையோடு திரும்பி வந்தது. அந்தக் கணக்கு அழிக்கப்பட்டுவிட்டது. அவனே அழித்திருந்தான். நேரம் போட்டிருந்தது. மதியம் ஒன்று இருபது.

அவள் கதவைத் தட்டியபோது ஒன்றரை.

மறுநாள் காலைக் கூட்டத்தில் ரகுராம் அதைப் பற்றிப் பேசினார். இயந்திரத்துக்குப் புரியாதது மனிதருக்குப் புரியும் என்றார். குரல் தழுதழுத்தது.

“நம்ம டீம்லயே இதை அனுபவிச்சவங்க இருக்காங்க. அவங்க தைரியமா வந்து சொன்னதாலதான் இது நடந்துச்சு.”

அவள் பெயரைச் சொன்னார். கையையும் நீட்டிக் காட்டினார்.

சொல்லலாமா என்று அவளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

முப்பது பேரும் திரும்பினார்கள். பிறகு யாரோ கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். அவளும் இரண்டு முறை தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

கூட்டம் கலைந்ததும் மிருதுளா வந்தாள். இரண்டு வருடமாகப் பக்கத்து இருக்கை. கண் கலங்கியிருந்தது.

“பாத்தா தெரியவே இல்லடி.”

அன்பாகத்தான் சொன்னாள். சொல்லிக்கொண்டே அவள் தோளில் கையை வைத்தாள்.

அவள் அசையவில்லை.

அந்தக் கை எவ்வளவு நேரம் அங்கே இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.