மூத்தவனுக்குப் போகும் பட்டம்

இங்கிலாந்தில் இருந்து எல்மோவுக்கு வந்தது, தகப்பனுக்குப் பிறகு மூத்த மகனுக்குப் போகும் ஒரு 'சேர்' (Sir) பட்டம் மட்டும்தான். காணி பூமி ஒன்றும் கூட வரவில்லை. அவருடைய பூட்டன் வெள்ளைக்காரர். அங்கே ஆண் வாரிசு அற்றுப்போக, பட்டம் மட்டக்களப்பில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவரைத் தேடி வந்தது. சனம் பகிடியாக 'சேர் எல்மோ' என்றது. மூத்தவன் டெரன்ஸைக் குளிப்பாட்டும்போதெல்லாம், "டடாவுக்குப் பிறகு நீதான் சேர்" என்பாள் எல்மோவின் மனைவி எல்சி. அப்படிச் சொன்னால்தான் அவன் தலைக்குத் தண்ணீர் வார்க்க விடுவான்.

ஏழு வயதில் அவனைச் சுனாமி கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை.

எல்மோவை அடக்கம் செய்த மறுநாள், இளைய மகன் அன்ட்ரூ இங்கிலாந்துச் சட்டத்தரணிக்குக் கோல் எடுத்தான். பேசி முடித்துவிட்டுத் தாயின் பக்கத்தில் வந்து இருந்தான்.

"மம்மி, பட்டம் அண்ணனுக்குத்தானாம்."

"அவன் இல்லையெண்டு நீ சொல்லல்லியா?"

"சொன்னன். அண்ணன் நேத்தே கோல் எடுத்தவராம். டடா செத்திட்டார், இனி நான்தானே சேர் எண்டு கேட்டாராம். சின்னப் புள்ளையின்ட குரலாம்."

அந்தக் கோல் வந்ததென்று சட்டத்தரணி கொடுத்த நம்பரை அவன் காட்டினான். நாவலடியில் கடல் அள்ளிக்கொண்டுபோன அவர்களுடைய பழைய வீட்டின் போன் நம்பர் அது.

எல்சி போனை வாங்கி அந்த நம்பரை அழுத்தினாள். மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். மூச்சு மட்டும் கேட்டது.

"தனியவா மகன் இருக்காய்?" என்று கேட்டாள்.

"இல்ல மம்மி. டடா நேத்து வந்திட்டார்."